அண்ணையின் மண்ணெண்ணெயும் புல்மோட்டைக் கறுப்பு மணலும்

முதல் நாள், உப்புவெளி, இரவு 9 மணி

“போத்திலில நனோ எண்டு போட்டிருக்கு தங்கச்சி. இருபது லீற்றர் மண்ணெண்ணெய்க்கு ஒரு மூடி விட்டாக் காணுமாம். ரெண்டு லீற்றர் மிச்சம் பிடிக்குமாம். நீ கெமிஸ்ரி படிப்பிக்கிறாய்தானே, வந்து ஒருக்காப் பாத்துச் சொல்லு.”

போன மாதம் அண்ணை போனில் சொன்னது இது. பெரியம்மாவின் மூத்த மகன். உப்புவெளியில் ஒரு பிளாஸ்ரிக் போட்டும் வெளியிணைப்பு இஞ்சினும் வைத்துத் தொழில் செய்கிறவர். ஓகஸ்ற் விடுமுறை விட்டதும் முதல் வேலையாகப் புறப்பட்டுவிட்டேன்.

காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்தில் பஸ். வவுனியாவில் ஒரு பிளேன்ரீ, பிறகு ஹொரவப்பொத்தானை வழி. கச்சான் காற்று வெக்கையை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. ஒரு குளத்தடியில் மாடுகள் வீதியைக் கடக்கும்வரை பஸ் நின்றது. கரையோரம் முழுக்கத் தாமரை. ஒரு பொடியன் தண்ணீரை அள்ளி இலைகள்மேல் எறிந்து விளையாடிக்கொண்டிருந்தான். துளிகள் திரண்டு உருண்டு ஓடின, இலை நனையவேயில்லை. இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அந்த மேடுகளின்மேல் நனோமீற்றர் அளவில் மெழுகுக் குழாய்கள். அவற்றுக்கிடையே காற்று அடைபட்டுக் கிடப்பதால் தண்ணீருக்கு இலையைத் தொட மிகக் கொஞ்ச இடமே கிடைக்கிறது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் நனோமீற்றர். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், நம்பமாட்டார்கள். அந்தக் குளத்தடிக்கு ஒருநாள் வகுப்பையே கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

கன்னியாவில் இறங்க நேரமில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்து, கை கால் கழுவமுன்னமே அண்ணை போத்திலைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளங்கை அளவு. உள்ளே தேத்தண்ணீர் நிறத்தில் ஏதோ. மோட்டர் சைக்கிளில் கரைகரையாக வந்த ஒருவரிடம் வாங்கியதாம். லேபிளில் பெரிதாக நனோ. என்ன பொருள், எவ்வளவு செறிவு, எங்கே செய்தது, ஒன்றும் இல்லை.

இரண்டு லீற்றருக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கிறவர்களுக்கு 2022ஐ ஞாபகப்படுத்த வேண்டும். அந்த ஓகஸ்ற்றில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. அதற்கு முன் பல கிழமைகள் இந்தக் கரையில் போட்டுகள் மண்ணில் கிடந்தன; கான்கள்தான் எண்ணெய் செட் வாசலில் வரிசையில் நின்றன. அண்ணியின் இரண்டு காப்பு அந்த வருசம் அடகுக்குப் போனது. ஒன்றுதான் திரும்பி வந்திருக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியம்மா பிளேன்ரீயும் பனங்கட்டியும் வைத்தார். நனோ என்றால் என்ன என்று அண்ணி கேட்க, பனங்கட்டியைக் காட்டினேன். முழுக்கட்டியை ரீக்குள் போட்டால் கரைய நேரமாகும். இடித்துப் போட்டால் உடனே கரையும். ரீ தொடுவது மேற்பரப்பைத்தான். ஒரு சென்ரிமீற்றர் கனசதுரக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே ஒரு நனோமீற்றர் கனசதுரங்களாக வெட்டிவிட்டால் மொத்த மேற்பரப்பு 6000 சதுர மீற்றர். எங்கள் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட 24 பரப்புக் காணி. எரிபொருளுக்கும் நனோவுக்கும் உள்ள உறவில் பெரும்பகுதி இந்தக் காணிக் கணக்குத்தான்.

போத்திலை நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை.

இரண்டாம் நாள், சீனக்குடா

காலையில் கோணேசர் கோயில். கோட்டை வாசலில் மான்கள். சுவாமி மலையில் நின்று கீழே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாது. ஆனால் பெரியப்பாவுக்கு அவசரம். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். “எண்ணெயைப் பற்றி எழுதிறதெண்டா முதலில குதங்களைப் பார் பிள்ளை” என்று ஓட்டோவில் ஏற்றிவிட்டார்.

உள்ளே போக அனுமதி வேண்டும். வீதியில் நின்றே பார்த்தோம். 800 ஏக்கருக்கு மேல் பரந்த காடு. மரங்களுக்கிடையில் பச்சையும் துருவுமாகப் பெரிய இரும்பு வட்டங்கள், எண்ணெய்த் தாங்கிகள். இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டியவை. இன்று எஞ்சியிருப்பவை 99, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் வந்து திருகோணமலையில் குண்டு போட்டன. அன்றைக்கு ஒரு விமானம் ஒரு தாங்கியில் விழுந்து எரிந்தது. “ஏழு நாள் எரிஞ்சதெண்டு அப்பா சொல்லுவார். வெக்கையில பக்கத்தில ஒருத்தரும் போகேலாதாம்” என்றார் பெரியப்பா.

2022 ஜனவரியில் போட்ட ஒப்பந்தப்படி 14 தாங்கிகள் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசியிடம், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனியிடம். பல தாங்கிகள் பல பத்தாண்டுகளாக எண்ணெயைக் காணாதவை.

“உந்தத் தாங்கிக்குள்ள வாற டீசலுக்கும் உன்ர நனோவுக்கும் என்ன சம்பந்தம்?” என்று பெரியப்பா கேட்டார். சம்பந்தம் எண்ணெய் இங்கே வரமுன்னமே தொடங்கிவிடுகிறது. மசகு எண்ணெயில், அதாவது நிலத்திலிருந்து எடுத்த, இன்னும் சுத்திகரிக்காத எண்ணெயில், நீளமான, பாரமான மூலக்கூறுகள் நிறைய. அவற்றை வெட்டினால்தான் பெற்றோலும் டீசலும் கூடுதலாகக் கிடைக்கும். 1960களின் தொடக்கத்திலிருந்து உலகத்துச் சுத்திகரிப்பாலைகள் இதற்கு சியோலைற்று என்ற ஊக்கியை, அதாவது தான் செலவாகாமல் வினையை வேகப்படுத்துகிற பொருளை, பாவிக்கின்றன. அந்தக் கனிமத்துக்குள் முழுக்க ஒரே அளவுத் துளைகள், ஒரு நனோமீற்றருக்கும் குறைவு. வலைக்கண் மாதிரி: கண்ணின் அளவு எந்த மீன் நுழையும், எது நிற்கும் என்று தீர்மானிக்கிறது. நனோ என்ற பெயர் சந்தைக்கு வரமுன்னமே உலகம் ஓட்டிய பெற்றோலில் கணிசமான பங்கு இந்த நனோக் கண்களுக்குள்ளால்தான் வந்தது.

டீசலிலிருந்து கந்தகத்தை எடுக்கிற ஊக்கியும் இப்படித்தான். மொலிப்தனம் சல்பைட்டின் சின்னச் சின்னத் தகடுகள், சில நனோமீற்றர் அகலம். வேலை செய்வது தகட்டின் நடு அல்ல, விளிம்பு. அப்பளத்தை நொறுக்க நொறுக்க விளிம்பு கூடும் அல்லவா? அதேதான். புகையில் கந்தகம் குறைந்தால்தான் வாகனத்தின் மற்ற ஊக்கிகளும் நஞ்சாகாமல் உழைக்கும். எரிபொருள் விசயத்தில் நனோ சாதித்தவற்றில் என் மனதில் முதலிடம் இதற்குத்தான். கந்தகம் குறைந்த ஒவ்வொரு லீற்றரும் யாரோ ஒரு பிள்ளையின் மூச்சைக் கொஞ்சம் இலேசாக்கியிருக்கிறது.

பெரியப்பாவின் கவலை வேறு. “துரு பிள்ளை, துரு. அடியில தண்ணி நிண்டா எல்லாம் போச்சு.” அவர் சொல்வது சரி. தாங்கிக்குள் காற்றோடு வருகிற ஈரம் அடியில் தங்குகிறது, எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, தகடு அரிபடுகிறது. இப்போது எப்பொக்சிப் பூச்சுக்குள் களிமண் செதில்களையோ கிரபீன் செதில்களையோ கலக்கிறார்கள், நனோ தடிப்பில். தண்ணீர் மூலக்கூறு நேரே போகமுடியாது, வளைந்து வளைந்துதான் இரும்பைத் தொடவேண்டும். நல்லூர்த் தேரன்று வீதியைக் குறுக்கே கடக்கிற மாதிரி என்று சொன்னேன், பெரியப்பா சிரித்தார். கிரபீன் காரீயத்திலிருந்து, அதாவது பென்சிலுக்குள் இருக்கிற கிரபைற்றிலிருந்து, வருவது. போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டுகிற காரீயம் உலகத்திலேயே தூய்மைக்குப் பெயர் பெற்றது. ஆனால் துருவின்மேல் பூசினால் எந்தப் பூச்சும் நிற்காது. முதலில் மணல் வீச்சால் இரும்பைச் சுரண்டி வெளிச்சமாக்க வேண்டும். அந்தக் கூலி வேலைக்குக் குறுக்குவழி இல்லை.

மூன்றாம் நாள், கடல்

விடியற்காலை நாலரை. அண்ணை என்னை ஏற்றமாட்டேன் என்று நின்றார். கரைக்குக் கிட்டத்தான் போவது, கடல் படுத்துக் கிடக்கிறது என்று அண்ணிதான் கதைத்து அனுப்பினார்.

முதலில் பெற்றோலில் ஸ்ராட். இஞ்சின் சூடான பிறகு குழாயை மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார். அதற்கு முன் ஒரு வேலை: கானிலிருந்து தாங்கிக்கு விடும்போது நாலாக மடித்த பழைய சாரத்துணியால் வடிக்கிறார். “தண்ணி தங்கச்சி. எவ்வளவு பாத்து வாங்கினாலும் தண்ணி வந்திடும். போன வருசம் பத்துக் கடல்மைல் வெளியில காபரேற்றருக்குள்ள தண்ணி போய் நிண்டிட்டுது. நாலு மணித்தியாலம் நீரோட்டத்தில இழுபட்டனான்.” யாரையும் குற்றம் சொல்லவில்லை. கடல் தெறிக்கும், கான் வியர்க்கும். ஆனால் அந்த நாலு மணித்தியாலம் அண்ணி கரையில் எப்படி நின்றிருப்பார் என்று நினைக்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

குளத்துத் தாமரை இலை அப்போதுதான் மறுபடி மனதுக்கு வந்தது. மெல்லிய உருக்கு வலையில் தாமரை இலைபோலத் தண்ணீர் ஒட்டாத, ஆனால் எண்ணெய் ஒட்டுகிற பூச்சைப் பூசினால், மண்ணெண்ணெய் பரவி இறங்கிவிடும், தண்ணீர் முத்தாகத் திரண்டு வலைக்கு மேலேயே நின்றுவிடும். ஆய்வுகூடங்களில் நன்றாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். தண்ணீரை விலக்கும் வடிகள் டீசல் வாகனங்களில் ஏற்கனவே உண்டு. எண்ணெயோடு அடித்துக் கலங்கிய மிக நுண்ணிய துளிகளையும் அடிவண்டலையும் இது எளிதாகச் சமாளிக்காது. ஆனாலும் மடித்த சாரத்துக்குப் பதிலாக இப்படி ஒரு புனல் இந்தக் கரையில் ஒவ்வொரு போட்டிலும் இருந்தால்! எரிபொருளில் நனோ என்று யாராவது இங்கே விற்க வந்தால், நான் முதலில் கேட்பது அந்தப் புனலைத்தான்.

இனிப் போத்தில் விசயம். வலை இழுத்து முடித்துத் திரும்பும்போது அண்ணைக்கு விளங்கப்படுத்தினேன்.

எரிபொருளில் கலக்கிற நனோத் துகள்களில் நன்றாக ஆராயப்பட்டது சீரியம் என்ற உலோகத்தின் ஒட்சைட்டு. சீரியம் அணு ஒட்சிசனைக் கொடுக்கும், பிறகு காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். ஒட்சிசன் காணாத இடத்தில் கடன் கொடுத்து, மிஞ்சிய இடத்தில் வாங்கி வைக்கிற ஒரு நல்ல மனிதரைப் போல. இதனால் கரி குறைந்த வெப்பத்திலேயே எரிந்துபோகிறது. 2000ஆம் ஆண்டில் பிரான்சின் பேஜோ நிறுவனம் டீசல் காரில் கரிவடியைப் பூட்டியபோது, வடியில் தங்கும் கரியை எரிக்கச் சீரியம் கலந்த சேர்க்கையை எரிபொருளில் விட்டது. பிரித்தானியாவில் பஸ்களிலும் பரிசோதித்தார்கள். புகையும் கரியும் குறைவதற்குச் சான்று உண்டு. எண்ணெய் எவ்வளவு மிச்சமாகிறது என்பதில்தான் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை.

“அப்ப இதில இருக்கிறது அதுதானோ?”

“இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். லேபிளில ஒண்டும் இல்லையே அண்ணை. இருந்தாலும் ரெண்டு விசயம் இடிக்குது.”

முதலாவது, அண்ணையின் இஞ்சின் இரண்டு வீச்சு, ரூ ஸ்ரோக். புதுக் கலவை உள்ளே வருகிற நேரத்திலேயே பழைய புகை வெளியே போகிறது. அந்த அவசரத்தில் எரிபொருளில் கால்வாசி வரை எரியாமலே நேரே வெளியே போய்விடக்கூடும். கடலில் போட்டுக்குப் பின்னால் வானவில் நிறத்தில் ஒரு படலம் வருகிறதே, அது அண்ணையின் காசு. எரிய இடமே கிடைக்காமல் போகிற எண்ணெயை எந்த ஊக்கி எரிக்கும்? நான்கு வீச்சு இஞ்சினுக்கு மாறுவது பத்துப் போத்திலைவிடப் பெரிய மிச்சம். அதன் விலை அண்ணைக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிது. காரில் சீரியத் துகளை வடி பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்த இஞ்சினில் வடி இல்லை. புகை சுழலியின் நடுவால் தண்ணீருக்குள் போகிறது. உலோகத் துகள்கள் அப்படியே கடலுக்குள், அண்ணை வலை போடுகிற அதே கடலுக்குள். நனோ அளவில் ஒரு பொருள் வேகமாக வினை செய்வதற்குக் காரணமான அந்த மேற்பரப்பே, அது உயிருக்குள் போனால் என்ன செய்யும் என்ற கேள்விக்கும் காரணம். மீனின் செவுளும் மனிதரின் நுரையீரலும் அதற்கு ஆயத்தமாகப் படைக்கப்பட்டவை அல்ல.

அண்ணை கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, “ரெண்டு கிழமை விட்டுப் பாத்தனான். ஒருநாள் மிச்சம் மாதிரி இருந்துது, ஒருநாள் இல்லை” என்றார். அளந்தீர்களா என்று கேட்டேன். இல்லை. காற்றுக்கு எதிரே ஓடினால் ஒரு கணக்கு, காற்றோடு வந்தால் இன்னொரு கணக்கு. அந்த வித்தியாசமே போத்தில் சொல்கிற இரண்டு லீற்றரைவிடப் பெரிது. எழுதி வைக்காமல் ஒன்றும் சொல்லமுடியாது.

நான்காம் நாள், புல்மோட்டை

நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி தாண்டி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் வடக்கே. அண்ணையின் கூட்டாளி, ஒரு முஸ்லிம் காக்கா, அங்கே தொழில் செய்கிறார். அண்ணையின் மகன் சின்னவனும் வந்தான். என் சொற்படி, பழுதான கொம்பியூற்றர் ஹார்ட் டிஸ்கிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று அவன் பையில்.

கனிய மணல் தொழிற்சாலை வேலிக்கு வெளியே, அலை அரித்த கரையில், வெள்ளை மணலுக்கிடையில் கறுப்புக் கோடுகள். சின்னவன் காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி மணலில் வைத்தான். கறுப்பு மணிகள் மயிர்போலக் குத்திட்டு ஒட்டிக்கொண்டன. “மாமி, இரும்பு!”

“இரும்பும் இருக்கு, தைத்தேனியம், அதுதான் ரைற்றேனியம், அதுவும் இருக்கு. இந்தக் கனிமத்துக்குப் பேர் இல்மனைற்று.” தொழிற்சாலையிலும் பெரிய அளவில் இதே காந்த வேலைதான் நடக்கிறது என்றதும் அவன் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும். பையை உதறி மணலைக் கடலுக்கே கொடுத்துவிட்டான்.

இந்தக் கரைக்கு வர நான் ஆசைப்பட்டதன் காரணம் இதுதான். இங்கே இல்மனைற்று, உருற்றைல், சேர்க்கன், கொஞ்சம் மொனசைற்று. முதல் இரண்டிலிருந்தும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு. சேர்க்கனிலிருந்து சேர்க்கோனியம். மொனசைற்றுக்குள் சீரியம், கூடவே கதிர்வீசும் தோரியமும். பெற்றோல் காரின் புகைக்குழாயில் இருக்கிற ஊக்கியை உடைத்துப் பார்த்தால், பிளாற்றினம், பலேடியம், உரோடியம் நனோத் துகள்கள் உட்கார்ந்திருக்கும் திண்ணையில் ஒரு பங்கு சீரியமும் சேர்க்கோனியமும் கலந்த ஒட்சைட்டு. பெரிய டீசல் வாகனங்களில் நைதரசன் ஒட்சைட்டுகளை அடக்குகிற ஊக்கிக்குத் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தளம். நேற்று அண்ணைக்கு நான் சொன்ன கதையின் பொருள்கள் முக்கால்வாசி இன்று என் காலடியில் கிடந்தன.

இன்னொன்றும் உண்டு. 1972இல் புஜிஷிமா, ஹொண்டா என்ற இரண்டு யப்பானிய அறிஞர்கள், தைத்தேனியம் ஈரொட்சைட்டில் ஒளி விழும்போது தண்ணீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிவதைக் காட்டினார்கள். வெயிலும் தண்ணீரும் சேர்ந்து எரிபொருள்! குறை என்னவென்றால் அது புறஊதா ஒளியை மட்டும்தான் எடுக்கும். வெயிலில் அந்தப் பங்கு இருபதில் ஒன்று அளவுதான். மிச்ச ஒளியையும் பிடிக்க வைப்பதற்காகத்தான் ஐம்பது வருசமாகத் துகளைச் சிறிதாக்குகிறார்கள், வேறு அணுக்களைக் கலக்கிறார்கள், சாயம் பூசுகிறார்கள். எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையிலும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு நனோத் துகள்களால் சூரியக்கலம் செய்கிற ஆய்வு நடந்திருக்கிறது. என் மாணவி ஒருத்தி அங்கே போகவேண்டும் என்று நான் வைத்திருக்கிற ஆசையை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

இந்த மணல் 1957இல் அரச கூட்டுத்தாபனம் தொடங்கிய காலத்திலிருந்து பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. பூச்சாக, ஊக்கியாக, பன்மடங்கு விலையில் திரும்பி வருகிறது. 2008இல் தொடங்கிய இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் இல்மனைற்றிலிருந்து தைத்தேனியம் ஈரொட்சைட்டு எடுக்கும் வழிகளை ஆராய்ந்திருக்கிறது. அது ஆய்வுகூடத்தோடு நின்றுவிடக்கூடாது என்பது என் மன்றாட்டு.

காக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே தலையாட்டவில்லை. “டீச்சர், மணலை அள்ளினா கரை உள்ளுக்கு வரும். ஃபக்டரி போட்டா அந்தத் தண்ணி எங்க போகும்? கொக்கிளாய்க் களப்புக்குத்தானே?” சரியான கேள்வி. இல்மனைற்றைக் கந்தக அமிலத்தில் கரைக்கிற முறையில் இரும்புச் சல்பேற்றும் அமிலக் கழிவும் ஏராளம் வரும். கழிவுக்கு வழி சொல்லாமல் யாரும் இங்கே ஆலை கட்டக்கூடாது. இறால் பிடிக்கிற களப்பை அழித்து, தூய புகைக்கு ஊக்கி செய்வது நியாயமில்லை. காக்காவின் வீட்டில் மீன் ஆணத்தோடு சோறு. ராத்தா கட்டித் தந்த கருவாடு இப்போதும் பைக்குள் மணக்கிறது.

ஐந்தாம் நாள், திரும்பும் வழி

காலையில் மூதூர்ப் பக்கம் ஒரு கலியாண வீட்டுக்குத் தலைகாட்டிவிட்டு வந்தோம். சம்பூர்ச் சந்தியில் பெரியப்பா கையைக் காட்டினார். நிலக்கரி ஆலை வரப்போவதாகச் சொன்ன இடம். 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் 120 மெகாவாற்று சூரிய மின்திட்டத்துக்கு அடிக்கல். 2006இல் இடம்பெயர்ந்த சனம் தங்கள் வளவுகளுக்குத் திரும்ப எத்தனை வருசம் எடுத்தது என்பதை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. இங்கே நடக்கிற எந்த மின்சாரத் திட்டத்துக்கும் அவர்களிடம் முதலில் கேட்கவேண்டும்.

அந்த வெயில் மின்சாரம் ஒருநாள் போட்டுக்கும் வரலாம். லிதியம் இரும்புப் பொசுபேற்று மின்கலம், துகளை நனோ அளவுக்குச் சிறிதாக்கிக் காபன் பூசிய பிறகுதான் வேகமாக மின்சாரம் கொடுக்கக்கூடியதாக மாறியது. களப்புக்குள் ஓடுகிற சின்னப் போட்டுகளுக்கு அது முதலில் பொருந்தும். வெளிக்கடலுக்குப் போகிற அண்ணைக்கு இன்னும் காலமெடுக்கும்.

புறப்படமுன் அண்ணியும் நானும் ஒரு அப்பியாசக் கொப்பியில் கோடு போட்டோம். திகதி, போன நேரம், வந்த நேரம், மண்ணெண்ணெய், பெற்றோல், காற்று, மீன். ஒரு மாதம் போத்தில் இல்லாமல், பிளக்கைத் துடைத்து, காபரேற்றரைச் சரிசெய்து, சுழலியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி. போத்திலை நான் வாங்கிக்கொண்டேன், பள்ளி ஆய்வுகூடத்தில் சாம்பலாக்கி மிஞ்சுவது என்ன என்று பார்க்க.

வவுனியா தாண்டும்போது அண்ணியிடமிருந்து செய்தி. அண்ணை இன்று பின்னேரம் ஒரு பாடு போய் வந்திருக்கிறார்.

“போனது 2.40. வந்தது 6.15. மண்ணெண்ணெய் 17 லீற்றர். பெற்றோல் அரை. காத்து கச்சான், கொஞ்சம் கடுமை. மீன் 11 கிலோ. கொப்பியில எழுதியாச்சு.”